தகப்பனைத் தேடும் பதிவேடுகள்: இரண்டாம் உலகப் போரில் வன்னி

இரண்டாம் உலகப் போர் நீடித்த 1939 முதல் 1945 வரையான ஆண்டுகளில் வன்னிப் பெருநிலப்பரப்பில் தரைச்சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆயினும் அந்தப் போர் வவுனியாவில் ஒரு விமானத்தளத்தை விட்டுச் சென்றது. அத்தளத்தில் இருந்த பிரித்தானிய விமானிகள் எத்தனை மணிக்கு எழும்பினார்கள், எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்பது வரை குறித்துவைத்த ஏடுகளை இலண்டனில் விட்டுச் சென்றது. அதே காலத்தில் காடு வெட்டி நிலம் நிரவியவர்களையும், வட பகுதியிலிருந்து படையில் சேர்ந்து கொழும்பிலும் திருகோணமலையிலும் மத்திய கிழக்கிலும் சேவை செய்தவர்களையும் பற்றிச் சில காகிதங்களை மாத்திரம், அவையும் பல இடங்களில் சிதறிய நிலையில், விட்டுச் சென்றது. காலஞ்சென்ற தகப்பன் போர்க்காலத்தில் என்ன செய்தார் என்று அறிய விரும்பும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எதிர்கொள்ளும் முதற் தடை இந்த ஏற்றத்தாழ்வே. ஆளின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு கோவையைத் தேடுவதே வழமை. வன்னியைப் பொறுத்தவரை அவர் இருந்த பிரிவை முதலில் கண்டுபிடித்து, அப்பிரிவின் நாட்குறிப்பினூடாக ஆளிடம் வந்து சேர்வதே பலன் தரும் வழி என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

ஆவணங்கள் இன்றைய மாவட்டங்களின்படி அன்றி அன்றைய கச்சேரிகளின்படியே அடுக்கப்பட்டுள்ளமையால் பழைய நிர்வாக எல்லைகளைத் தெரிந்துகொள்ளாமல் தேடலைத் தொடங்க முடியாது. போர்க்காலத்தில் முல்லைத்தீவு வவுனியா மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது; 1978இலேயே அது தனி மாவட்டமாயிற்று. கிளிநொச்சியோ 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆகவே முள்ளியவளையிலோ ஒட்டுசுட்டானிலோ பிறந்த ஒருவர் 1940களின் காகிதங்களில் வவுனியா மாவட்டத்தவராகவும், பரந்தனிலோ பூநகரியிலோ பிறந்தவர் யாழ்ப்பாணத்தவராகவும் எழுதப்பட்டிருப்பார். வட மாகாணத்துக்குப் பொறுப்பான அரசாங்க அதிபர் யாழ்ப்பாணத்திலும், அவருக்குக் கீழ்ப்பட்ட உதவி அரசாங்க அதிபர் வவுனியாவிலும் இருந்தனர். ஊர் மட்டத்தில் அரசாங்கம் என்றால் அது விதானையார்தான். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, முல்லைத்தீவையும் சேர்த்து அன்றைய வவுனியா மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை 23,000 அளவிலேயே இருந்தது. இவ்வளவு சொற்பமான மக்கள் வாழ்ந்த பிரதேசத்தில் சில விமான அணிகளின் ஆட்கள் வந்திறங்கியமை எத்துணை பெரிய மாற்றம் என்பதை இந்த எண்ணைக் கொண்டே மட்டிடலாம்.

மக்கள் தொகை இவ்வளவு குறைந்திருந்ததற்குக் காரணம் மண்ணின் வறுமையன்று, மலேரியா ஆகும். குளங்களையும் அவற்றின் கீழுள்ள வயல்களையும் நம்பிய சிற்றூர்கள் காட்டுக்குள் ஒன்றிலிருந்து ஒன்று தொலைவாகக் கிடந்தன. பல குளங்கள் உடைந்து தூர்ந்திருந்தன. உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், காய்ச்சலாலும் இடப்பெயர்வாலும் ஊர்கள் தேய்ந்துகொண்டிருந்ததை விரிவாகப் பதிவு செய்துள்ளது. 1905இல் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த வடக்குப் புகையிரதப் பாதை வன்னியை ஊடறுத்துச் சென்றதன் பின்னரே வவுனியா ஒரு நகரமாகத் தலையெடுக்கத் தொடங்கிற்று. வடக்கே, 1902இல் வேலை தொடங்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, யாழ்ப்பாணத்தின் நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் அமைக்கப்பட்டது. போர் வந்தபோது வன்னி இருந்த நிலை இதுதான்: நடுவே ஒரு றெயில் பாதையும் அதற்குச் சமாந்தரமாக ஒரு கண்டி வீதியும், இரு மருங்கும் காடு.

அந்தக் காடே 1942இல் அதற்கு ஒரு போர்த்தகுதியைக் கொடுத்தது. அவ்வாண்டு பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் 8இல் றங்கூனும், அம்மாத இறுதிக்குள் அந்தமான் தீவுகளும் யப்பானியர் கையில் விழ, இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு எஞ்சிய பெருந்தளமாகத் திருகோணமலை ஆயிற்று. அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டு, தேசாதிபதிக்கும் மேலான அதிகாரத்துடன் மார்ச்சில் வந்து சேர்ந்தார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பும், ஏப்ரல் 9இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அந்த இரண்டாம் நாளில்தான் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. கொழும்பில் தொழில் பார்த்த வடபகுதியார் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு றெயிலேறி ஊர் திரும்பியதும், தோட்டங்களிலும் நகரங்களிலும் இருந்த இந்தியத் தொழிலாளர் தலைமன்னார் வழியாக அக்கரைக்கு ஓடியதும் இந்த நாட்களிலேயே.

கடற்கரையோரத் தளங்கள் எளிதில் தாக்கப்படக்கூடியவை என்பது தெளிவானதும், உலர்வலயத்தின் உட்பகுதியில் விமானத்தளங்களை அமைக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது. மின்னேரியா, சிகிரியா ஆகியவற்றோடு வவுனியாவும் இந்த வரிசையில் சேர்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பலாலித் தளமும் இதே போரின் பிள்ளையே. வவுனியாவைத் தெரிவு செய்வதற்கான நியாயங்களை வரைபடத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். கிழக்கில் முல்லைத்தீவுக் கடலும் மேற்கில் மன்னார்க் கடலும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தன, திருகோணமலைத் துறைமுகம் நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது, கப்பற் பீரங்கிகளுக்கு எட்டாத இடம், எரிபொருளையும் குண்டுகளையும் கொண்டுவந்து இறக்க றெயில் நிலையம் அருகிலேயே இருந்தது, நிலமோ தட்டையானது.

1943இன் தொடக்கத்தில் 22ஆம், 217ஆம் இலக்க விமான அணிகள் வவுனியாவுக்கு மாற்றப்பட்டன. விமான அணி அல்லது ஸ்குவாட்ரன் என்பது ஏறத்தாழ ஒன்றரை டசின் விமானங்களையும் அவற்றின் விமானிகளையும், அவர்களைப் போலப் பல மடங்கான தரைப்பணியாளரையும் கொண்ட ஓர் அலகாகும். இவ்விரு அணிகளிடமும் இருந்தவை போஃபோர்ட் எனப்படும் இரட்டை எஞ்சின் விமானங்கள். விமானி, வழிகாட்டி, கம்பியில்லாத் தந்தியையும் துப்பாக்கியையும் கவனித்த இருவர் என நால்வர் ஒரு விமானத்தில் சென்றனர். கப்பலின் அடிப்பாகத்தைத் தகர்க்கும் டோர்பிடோ என்னும் நீர்க்குண்டை வயிற்றின் கீழ் சுமந்து, கடல் மட்டத்தை ஒட்டிப் பறந்து அதனை ஏவுவதே இவற்றின் தொழில். யப்பானியப் போர்க்கப்பல்கள் மீண்டும் வந்தால் அவற்றை எதிர்கொள்வதற்காகவே இவை காட்டுக்குள் காத்திருந்தன. ஆனால் அக்கப்பல்கள் திரும்பி வரவேயில்லை. ஆகவே பயிற்சிப் பறப்பு, வணிகக் கப்பல்களுக்கு வழித்துணை, நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்து என்று மாதங்கள் கழிந்தன. 1943இன் பிற்பகுதியில், வட ஆபிரிக்காவில் பெயர்பெற்ற 89ஆம் இலக்க அணி இரவுநேரப் போரில் தேர்ந்த போஃபைட்டர் விமானங்களுடன் வந்து சேர்ந்தது. 1944இல் முன்னைய இரு அணிகளும் போஃபைட்டர்களுக்கு மாறின. அவ்வாண்டின் இறுதியில் 22ஆம் அணி அசாமுக்கும் அங்கிருந்து பர்மா முனைக்கும் சென்றது. 1945இல் ஸ்பிற்ஃபயர் விமானங்களைக் கொண்ட 132ஆம் அணி வவுனியாவில் இருந்து, யப்பான் சரணடைந்த பின்னர் ஹொங்கொங்குக்குக் கப்பலேறியது.

இந்த வரலாற்றை இவ்வளவு துல்லியமாக எழுத முடிவதற்குக் காரணம் ஓர் அலுவலகப் பழக்கம். பிரித்தானிய அரச விமானப்படையின் ஒவ்வோர் அணியும் தன் செயற்பாடுகளை 540, 541 என்னும் இரு படிவங்களில் எழுதி மாதந்தோறும் மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. 540ஆம் படிவம் அணியின் நாட்குறிப்பு: இடம், நாள், நடந்தவற்றின் சுருக்கம் ஆகியவை தட்டச்சில் வரிசையாக இருக்கும், விளையாட்டுப் போட்டி, மழையால் பறப்பு நின்றமை, புதிய அதிகாரி வந்தமை எல்லாம் அதில் இடம்பெறும். 541ஆம் படிவத்தில் விமானத்தின் இலக்கம், அதிற் சென்றவர்களின் பெயர்கள், எழும்பிய நேரம், இறங்கிய நேரம், இடப்பட்ட பணி ஆகியவை நிரல் நிரலாகக் காணப்படும். இலண்டனின் கியூ என்னும் இடத்திலுள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் விமான அணிகளின் ஏடுகள் எயார் 27 என்ற தொகுதியிலும், தளங்களின் ஏடுகள் எயார் 28 என்ற தொகுதியிலும் உள்ளன. வவுனியாவில் பறந்த ஒருவரின் மகள் அல்லது மகன், தகப்பனின் அணி இலக்கம் தெரிந்தால், அவர் வானில் இருந்த மணித்தியாலங்களைத் தனித்தனியே எண்ணலாம்.

ஆனால் இந்த ஏட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பறந்தவரின் பெயர் அதில் நாள்தோறும் வரும்; எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர், குண்டு ஏற்றியவர், சமைத்தவர், காவல் நின்றவர் ஆகியோரின் பெயர்கள் நோயோ விபத்தோ பதவியுயர்வோ நேர்ந்தாலன்றி வரமாட்டா. தரைப்பணியாளர்கள்தான் தொகையில் அதிகம் என்பதால், பிரித்தானியாவிலேயே கூடப் பெரும்பாலான பிள்ளைகள் தகப்பனின் பெயரைக் காணாமல், தகப்பன் இருந்த இடத்தில் அன்று என்ன நடந்தது என்பதையே வாசித்துத் திருப்தியடைய வேண்டியுள்ளது. அப்படி வாசிப்பதும் வீணன்று. தனி ஒருவரின் சேவைக் கோவையில் இடமாற்ற நாட்களும் தண்டனைகளும் பதவியும் மட்டுமே இருக்கும். அவர் வாழ்ந்த நாட்கள் பிரிவின் நாட்குறிப்பில்தான் இருக்கும்.

இனி இலங்கையரிடம் வரலாம். 1881இல் தொண்டர் படையாகத் தொடங்கி, 1910 முதல் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயரில் இயங்கிய அமைப்பு 1939 செப்டெம்பரில் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டது. இலங்கை இலகு காலாட்படை, துறைமுகப் பீரங்கிகளை இயக்கிய இலங்கைக் காவற் பீரங்கிப்படை, பொறியியற் பிரிவு, மருத்துவப் பிரிவு முதலியன அதில் அடங்கின. கடற்படைக்கெனத் தனியே ஒரு தொண்டர் படை இருந்து, 1943இல் பிரித்தானியக் கடற்படையின் தொண்டர் சேமப்படையுடன் இணைக்கப்பட்டது. இலங்கையருக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. சேர்ந்தவர்கள் யாவரும் தாமாகச் சேர்ந்தவர்களே. ஏன் சேர்ந்தார்கள் என்ற வினாவுக்குப் பேரரசின் மீதான பற்று என்று விடை சொல்வது மிகையாகும். யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸ் காந்தியத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்ற இரு தசாப்தங்களுக்குள்ளேதான் இந்த ஆட்சேர்ப்பும் நடந்தது. ஆகவே சம்பளமும் சாப்பாடும் ஊரை விட்டு வெளியே போகும் ஆசையுமே பலரைச் சப்பாத்துப் போடவைத்தன என்று கொள்வதே பொருத்தம்.

இப்படை பெரும்பாலும் இலங்கையின் கரைகளையும் துறைமுகங்களையும் காத்தது. சில பிரிவுகள் சீஷெல்ஸ், கொக்கோஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டன. கொக்கோஸில் 1942 மே 8ஆம் நாள் இரவு கிராசியன் பெர்னாண்டோவின் தலைமையில் காவற் பீரங்கிப்படையினர் சிலர் தம் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். கிளர்ச்சி உடனே அடக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் மூவர் கொழும்பில் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில் கிளர்ச்சிக் குற்றத்துக்காகப் பிரித்தானியப் பேரரசின் படைகளில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் இவர்கள் மூவரே. காலனித்துவ அரசு இச்செய்தியை மறைத்துவைத்தது. கொக்கோஸில் நின்ற தகப்பன் பிற்காலத்தில் வாய் திறக்காமல் இருந்திருப்பாரானால், அதற்கு அவருடைய சுபாவத்தை விட வேறு காரணங்களும் இருந்திருக்கக்கூடும் என்பதைத் தேடுவோர் மனத்திற் கொள்வது நன்று.

சிப்பாயின் கையில் எப்போதும் இருந்த ஆவணம் அவருடைய சம்பளப் புத்தகம். சட்டைப் பையில் அடங்கும் அளவில், கபில நிற மட்டையுடன், இராணுவப் புத்தகம் 64 என்ற இலக்கம் பொறிக்கப்பட்டு, இரு பகுதிகளாக வழங்கப்பட்டது. முதற் பகுதியில் சேவை இலக்கம், பெயர், பிறந்த நாள், உயரம், உடலடையாளம், ஏற்றப்பட்ட தடுப்பூசிகள், மிக நெருங்கிய உறவினரின் பெயர் ஆகியவையும், இறுதியில் உயில் எழுதுவதற்கான ஒரு பக்கமும் இருக்கும். இரண்டாம் பகுதி சம்பளக் கணக்கு. இப்புத்தகம் கிடைத்துவிட்டால் தேடலின் பாதி முடிந்தது எனலாம், ஏனெனில் சேவை இலக்கம் ஒன்றே பெயர்க் குழப்பத்தை வெல்லக்கூடியது. தமிழர் பெயர்களில் தகப்பனின் பெயர் முன்னே முதலெழுத்தாக நிற்கும்; குடும்பப் பெயரை எதிர்பார்க்கும் ஆங்கிலேய எழுதுவினைஞரோ ஒருமுறை மகனின் பெயரையும் மறுமுறை தகப்பனின் பெயரையும் கடைசிப் பெயராகக் கொண்டு அகரவரிசையில் இட்டுவிடுவார். கந்தையா மகன் வேலுப்பிள்ளை என்பவரை இரு எழுத்துகளின் கீழும், ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுதக்கூடிய நாலைந்து விதங்களிலும் தேடவேண்டியிருக்கும். ஊர்ப் பெயரும் றெயில் நிலையத்தின் பெயராகச் சுருங்கியிருக்கலாம். குமுழமுனைக்காரர் மாங்குளத்தவராகப் பதியப்பட்டிருந்தால் வியப்பில்லை.

அலுமாரியின் அடியிலிருந்து முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் பதக்கமே. ஆனால் அது தோற்றத்துக்கு ஏற்பத் தகவல் தருவதில்லை. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூடிய தலையை ஒரு பக்கத்திலும், இரட்டைத் தலை டிராகனின் மீது நிற்கும் சிங்கத்தை மறுபக்கத்திலும் கொண்டது போர்ப் பதக்கம். அது 28 நாட்கள் முழுநேரச் சேவை செய்த எவருக்கும் உரியது. பித்தளை நிறத்தில் ஆறு முனைகளுடன் இருப்பவை நட்சத்திரங்கள். ஆபிரிக்க நட்சத்திரம் இருந்தால் தகப்பன் வட ஆபிரிக்கா சென்றவர், பர்மா நட்சத்திரம் இருந்தால் அப்போர்முனையோடு தொடர்புற்றவர், இலங்கைக்குள்ளேயே நின்றவருக்குப் பெரும்பாலும் பாதுகாப்புப் பதக்கமும் போர்ப் பதக்கமும் மட்டும் என்று ஓரளவு ஊகிக்கலாம். முதலாம் உலகப் போரின் பதக்கங்களில் ஓரத்தில் வீரரின் இலக்கமும் பெயரும் பொறிக்கப்பட்டன. இரண்டாம் போரில் பிரித்தானியா அச்செலவைத் தவிர்த்தது. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகள் மாத்திரம் பெயர் பொறித்தே வழங்கின. ஆகவே பெயர் பொறித்த பதக்கம் ஒரு வன்னி வீட்டில் இருக்குமானால், அது இந்தியப் படையில் சேவை செய்த ஒருவருடையதாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்; அவரைப் பற்றிய வினா கொழும்புக்கு அன்றி, அவர் சேர்ந்திருந்த றெஜிமெந்தின் இந்தியத் தலைமையகத்துக்கே செல்லவேண்டும். மதராஸ் றெஜிமெந்துக்கு அது நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது. மதராஸ் சாப்பர்கள் எனப்பட்ட பொறியியற் படைக்குப் பெங்களூரில் உள்ளது.

பிரித்தானிய இராணுவத்தின் சேவைப் பிரிவுகளில், அதாவது வாகனம், உணவு, தளபாடம் ஆகியவற்றைக் கவனித்த பிரிவுகளில், சேர்ந்து மத்திய கிழக்குக்குச் சென்ற இலங்கையரும் உண்டு. இவர்களுடைய நிலை தேடுவோருக்குச் சற்று வாய்ப்பானது. பிரித்தானிய இராணுவத்தினரின் தனிநபர்க் கோவைகள், பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த ஏறக்குறைய 97 இலட்சம் கோவைகளின் பகுதியாக, 2022 முதல் கியூவிலுள்ள காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. பிறந்து 115 ஆண்டுகள் கடந்தவர்களின் கோவைகள் எவருக்கும் திறக்கப்படும், மற்றவர்களுக்கு மரணச் சான்றிதழ் சேர்த்து விண்ணப்பிக்கவேண்டும். பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளில் மத்திய கிழக்குக்கு உரியவை டபிள்யூ.ஓ. 169 என்ற தொகுதியிலும், தென்கிழக்காசியாவுக்கு உரியவை டபிள்யூ.ஓ. 172 என்ற தொகுதியிலும் உள்ளன. இலங்கைப் பாதுகாப்புப் படை ஒரு குடியேற்ற நாட்டுப் படையாதலால் இந்தத் தனிநபர்க் கோவைத் தொகுதியை அதன் சிப்பாய்களுக்காக நம்புவதில் பயனில்லை. அப்படை 1949இல் கலைக்கப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 10இல் இலங்கை இராணுவம் தோற்றுவிக்கப்பட்டது. இலகு காலாட்படை அதன் முதற் றெஜிமெந்தாகத் தொடர்ந்து, இன்று பனாகொடையில் தலைமையகத்தைக் கொண்டுள்ளது. அதிகாரிகளின் நியமனமும் பதவியுயர்வும் அரசாங்க வர்த்தமானியில் வெளியாயின. 1955இல் இராணுவத் தளபதியான முதல் இலங்கையர், யாழ்ப்பாணத் தமிழரான அன்ரன் முத்துக்குமாரு, இந்தப் படையிலிருந்து வந்தவரே. அவரைப் போன்றோரின் சேவையை வர்த்தமானியைக் கொண்டே நாள்வாரியாக எழுதிவிடலாம். சாதாரண சிப்பாய்க்கு வர்த்தமானி இல்லை.

சிப்பாய்க்கும் கீழே, எந்தப் படைப்பட்டியலிலும் இடம்பெறாத தொழிலாளர் இருந்தனர். ஓடுபாதை என்பது காட்டை வெட்டி, வேர் கிண்டி, கிறவல் கொட்டி, கல்லுடைத்து, உருளை ஓட்டி அமைக்கப்படுவது. வானூர்தி வருமுன் அந்த இடத்தில் மண்வெட்டியும் கூடையும் வந்திருக்கும். இவ்வகை வேலைகளில் தினக்கூலியாட்களின் பெயர் செக்றோல் எனப்படும் வரவுப் பட்டியலில் எழுதப்பட்டு, ஓவசியரின் கையொப்பத்துடன் சம்பளம் வழங்கப்பட்ட பின், கணக்குப் பரிசோதனை முடிந்ததும் கழித்துவிடப்படும். ஆவணக் காப்பகங்களின் கண்ணில் அது பாதுகாக்கத்தக்க ஏடு அன்று. போர்க்காலத்தில் அத்தியாவசிய வேலைகளுக்கென அரசாங்கம் திரட்டிய தொழிலாளர் படையில் இருந்தோரின் கதியும் ஏறத்தாழ இதுவே. அதே தளத்தில் ஆறு மாதம் இருந்து கடலுக்கு மேல் ரோந்து சென்ற ஓர் இளம் விமானியின் ஒவ்வொரு பறப்பும் பதியப்பட்டிருக்க, அந்த ஓடுபாதைக்குக் கல் சுமந்தவருடைய பெயர் கூட எஞ்சவில்லை என்றால், அதற்குப் பகை காரணமன்று, கணக்கு முறையே காரணம்: ஒருவருக்குச் சம்பளம் கொடுத்த அமைப்பு எதுவோ அதுவே அவருக்கு வரலாற்றில் இடம் கொடுத்தது.

ஆயினும் பக்க வழிகள் உள்ளன. உதவி அரசாங்க அதிபர்கள் எழுதிய நாட்குறிப்புகளும் ஆண்டு நிர்வாக அறிக்கைகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், குடியேற்ற நாட்டு அலுவலகத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து கியூவில் சி.ஓ. 54 என்ற தொகுதியிலும் உள்ளன. காணி எடுத்தல், இழப்பீடு, கூலி விகிதம், அரிசி விநியோகம் என்று இவற்றில் வரும் விடயங்கள் தனியாளைக் காட்டாவிட்டாலும் அவர் வாழ்ந்த சூழ்நிலையைக் காட்டும். போருக்கு முன் இலங்கை தன் அரிசித் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறக்குமதியை நம்பியிருந்தது. பர்மா விழுந்ததும் கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் வந்தன, விளைந்த நெல்லில் ஒரு பங்கை அரசாங்கம் கட்டாயமாகக் கொள்வனவு செய்தது, இரணைமடுவின் கீழ் விளைந்த ஒவ்வொரு புசலும் நாட்டின் கணக்கில் ஏறிற்று. போர் முடிந்த பின் காணிக் கச்சேரிகளில் குடும்ப நிலையும் தொழிலும் விசாரிக்கப்பட்டுக் காணி அனுமதிப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழான இப்பதிவேடுகளை முன்னாட் படையினரைத் தேடுவதற்கு எவரும் போதிய அளவு பயன்படுத்தியதில்லை.

போர் வன்னிக்கு விட்டுச்சென்ற மிகப் பெரிய விளைவு ஓடுபாதையன்று, மருந்து. யாவா 1942இல் யப்பானியர் கைக்குப் போனதும் கொயினாவின் வரத்து அறுந்துபோக, படையினர் தோலை மஞ்சளாக்கும் மெபக்கிறின் குளிசையை நாள்தோறும் விழுங்கினர். போர்முனைகளில் பூச்சிகளுக்கு எதிராகப் பயன்பட்ட டி.டி.ரி. தூள் போர் முடியும் தறுவாயில் இலங்கைக்கு வந்து, 1946இல் நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டது. அவ்வாண்டில் இருபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்டதாகக் கணக்கிடப்பட்ட மலேரியா நோயாளர் தொகை 1963இல் வெறும் 17 ஆகச் சுருங்கிற்று. வவுனியா மாவட்டத்தின் சனத்தொகை 1971இல் 95,000 அளவுக்கு உயர்ந்தது. பல நூற்றாண்டுகளாக மக்களை விரட்டிய காட்டில் தலைமுறைகள் தங்கி வாழ முடிந்தமைக்கு இந்தப் போர்க்காலத் தூளும் ஒரு காரணம் என்பதை வன்னிக் குடியேற்றங்களின் வரலாற்றை எழுதியவர்கள் போதுமான அளவு வலியுறுத்தவில்லை.

இப்படித் தங்கி வாழ்ந்த வீடுகளில் இருந்த காகிதங்கள்தான் பின்னர் அழிந்தன. 1981 ஜூன் 1ஆம் நாள் விடியுமுன் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 2008 முதல் 2009 மே வரை கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் மக்கள் இடம்பெயர்ந்துகொண்டே சென்றபோது, மூட்டை ஒவ்வொரு இடத்திலும் சிறுத்து, இறுதியில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் செட்டிகுளத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவேளை பெரும்பாலானோரிடம் அடையாள அட்டையைத் தவிர வேறு கடதாசி இருக்கவில்லை. பாட்டனின் சம்பளப் புத்தகமும் தகப்பனின் படமும் பங்கர்களில் மண்ணோடு மண்ணாயின. போர்க்கால விமானத்தளமோ இலங்கை விமானப்படையின் தளமாகி, 2008 செப்டெம்பர் 9இல் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்கு உள்ளாகி, இன்றும் பொதுமக்கள் நுழைய முடியாத படைமுகாமாகவே உள்ளது. 1943இல் தகப்பன் நின்ற இடத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவரும், பாட்டன் கல் சுமந்த இடத்தைப் பார்க்க விரும்பும் வவுனியாக்காரரும் ஒரே வேலிக்கு வெளியே நிற்கவேண்டும்.

வன்னியில் இன்று நடுவயதில் உள்ளவருக்குத் தகப்பனின் போர்க்காலம் என்றால் பெரும்பாலும் அது 1983க்குப் பின்னர் நடந்த போரே. அந்தத் தேடலுக்குக் கியூவில் தொகுதி இல்லை. இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் கல்லறைகள் திருகோணமலையில் நிலாவெளி வீதியோரத்திலும், கண்டியிலும், கொழும்பிலும், இலக்கம், பெயர், பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றுடன் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவால் பேணப்படுகின்றன. கல்லறை ஒவ்வொன்றும் ஓர் ஆவணம். கிளிநொச்சி கனகபுரத்திலும் விசுவமடுவிலும் முழங்காவிலிலும் இருந்த, இறந்த விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லங்கள் போரின் முடிவோடு இடித்து நிரவப்பட்டன. அங்கிருந்த பெயர்களும் நாட்களும் அவற்றோடு போயின. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் உருவாக்கப்பட்டபோதும், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் விடை பெறாமலே நீள்கிறது. இந்த விடயம் தனியாக எழுதப்படவேண்டியது. இங்கு சொல்லத்தக்கது, ஒரு போரின் பதிவுகள் கவனமாகப் பேணப்பட்டதும் மற்றதன் பதிவுகள் அழிக்கப்பட்டதும் ஒரே நிலத்தில் நடந்தன என்பதே.

உலகப் போரில் சேவை செய்த தலைமுறையில் எஞ்சியோர் நூறு வயதை எட்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளே எழுபது, எண்பது கடந்துவிட்டனர். ஆகவே செய்யவேண்டியவற்றைத் தள்ளிப்போட இடமில்லை. வவுனியாத் தளத்தின் ஏடுகளும் 22, 217, 89, 132 ஆகிய அணிகளின் வவுனியா மாதங்களுக்குரிய பக்கங்களும் பிரதி எடுக்கப்பட்டு, 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் வைக்கப்படவேண்டும். உதவி அரசாங்க அதிபர்களின் போர்க்கால நாட்குறிப்புகள் தமிழில் சுருக்கப்பட்டு வெளியிடப்படவேண்டும். வெளிநாடுகளுக்குப் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பெட்டிகளில் சம்பளப் புத்தகமோ விடுவிப்புச் சான்றிதழோ சீருடையில் எடுத்த படமோ இருக்குமானால், அவற்றின் மின்பிரதியை 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். படத்தின் பின்புறத்தில் ஏதும் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பவும்.